ஒலிம்பிக் ஜோதி ஏந்த முகவருக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, தடகள வீராங்கனை. ஒலிம்பிக் ஜோதி ஓட்டத்தில் இடம் வாங்கித் தருவதாக ஒரு முகவர் பதிவுக் கட்டணம் கேட்கிறார். மகளின் வயதைக்கூடக் கேட்கவில்லை, "இடம் உறுதி" என்கிறார். ஜோதி நம் நாட்டுக்கே வருமாம், ஓடி முடித்ததும் டார்ச்சை வீட்டுக்குக் கொண்டுவரலாமாம். நம்பலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஜோதி ஏந்துபவர்களைத் தேர்வு செய்வது போட்டியை நடத்தும் அமைப்புக் குழுவும் அதன் விளம்பரதாரர்களும்தான். நடுவில் முகவருக்கு வேலையே இல்லை.

"நம் நாட்டுக்கே வரும்" என்பதும் கதை. 2008 பெய்ஜிங் ஜோதி உலகம் சுற்றியபோது லண்டனிலும் பாரிஸிலும் போராட்டங்கள் வெடித்தன. மறு ஆண்டே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, இனி கிரீஸிலும் போட்டி நடக்கும் நாட்டிலும் மட்டும் ஓட்டம் போதும் என்று முடிவெடுத்துவிட்டது.

வயதையும் பாருங்கள். 2012 லண்டனில் 12 வயது நிரம்பியிருந்தால் போதும். 2024 பாரிஸில் 15 ஆக வேண்டும். விதி ஒவ்வொரு முறையும் மாறும். மகளின் வயதைக்கூடக் கேட்காமல் "இடம் உறுதி" என்கிறாரே, அதிலேயே தெரியவில்லையா?

பணம் கேட்பது நியாயமாகும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. முகவர்கள் பிடித்துத் தொங்குவது இதைத்தான் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். லண்டனில் சுமார் 8,000 பேர் ஓடினார்கள், ஆளுக்கு ஒரு டார்ச். வந்தவர் நுனியோடு நுனி சேர்த்துச் சுடரை அடுத்தவருடைய டார்ச்சுக்கு மாற்றிவிட்டு ஒதுங்குவார். அவர் கையில் இருந்த டார்ச் வேண்டுமென்றால் 199 பவுண்டு கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். ஆனால் கவனியுங்கள்: அந்தப் பணம் தேர்வான பிறகு, அமைப்புக் குழுவிடமே, டார்ச்சுக்காக மட்டும் கட்டியது. வாங்காதவரும் ஓடினார். ஓடும் இடத்துக்கு அது விலை அல்ல. பாரிஸில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சுமார் 10,000 பேருக்குச் செய்ததே ஏறக்குறைய 2,000 டார்ச்தான். எல்லோரும் எப்படி வீட்டுக்கு எடுத்துப் போவது?

இந்த ஏமாற்று வேலைக்கு இடம் கொடுப்பது அமைப்பாளர்கள்தான், அதையும் சொல்லியாக வேண்டும். லண்டனில் விளம்பரதாரர்களுக்கு ஒதுக்கிய இடங்களில் சில அவர்களுடைய உயர் அதிகாரிகளுக்கே போய், மக்கள் கொதித்தார்கள். பொதுமக்களுக்கு எத்தனை இடம், நிறுவனங்களுக்கு எத்தனை என்று முதல் நாளே வெளிப்படையாக அறிவித்தால் என்ன குறைந்துபோகும்? அதை மூடி மூடி வைப்பதால்தான் "உள்ளே ஆள் இருக்கிறது" என்ற பேச்சு எடுபடுகிறது.

சரி, மகளுக்கு ஆசை இருந்தால் அமைப்புக் குழுவின் சொந்த இணையதளத்தில் விண்ணப்பம் திறக்கும் வரை காத்திருங்கள். பயிற்சியாளரோ பள்ளி ஆசிரியரோ பரிந்துரை எழுதட்டும். பதக்கப் பட்டியலை நீட்ட வேண்டாம். மற்றவர்களுக்காக அவள் என்ன செய்தாள் என்பதை எழுதச் சொல்லுங்கள். அந்த முகவருக்கு அவளுடைய பாஸ்போர்ட் நகலையோ பிறப்புச் சான்றிதழையோ ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வைத்து, இன்றே காவல் துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.