மலைக்குப் பூனையைக் கூட்டிப்போகலாமா?

வணக்கம் சார்,

எங்கள் வீட்டில் இரண்டு வயது ஆண் பூனை இருக்கிறான், பெயர் சுப்பு. கருத்தடை செய்தாயிற்று. வெளியே விட்டுப் பழக்கமில்லை. அடுத்த மாதம் நண்பர்களோடு கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் மூன்று நாள் டெண்ட் போட்டுத் தங்கப் போகிறோம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அவனையும் கூட்டிப்போக நினைக்கிறோம். சிறுத்தை வந்துவிடுமோ என்றுதான் பயம். கழுத்துப்பட்டையும் கயிறும் வாங்கிவிட்டேன். வேறு என்ன செய்ய வேண்டும்?

ர., கோவை

அன்புள்ள ர.,

பயம் நியாயமானதுதான். அந்த மலையில் சிறுத்தை உண்டு, செந்நாய் உண்டு, காட்டெருமை தோட்டத்துக்குள்ளேயே வந்து மேயும். ஆனால் சுப்புவுக்கு முதல் ஆபத்து இவை எதுவும் இல்லை. தோட்டத்து நாய் குரைக்கும், யாராவது ஜீப் கதவை அறைந்து சாத்துவார்கள், அவன் மிரண்டு கண்ணுக்குத் தெரிந்த இடைவெளியில் பாய்ந்துவிடுவான். நாயும் சிறுத்தையும் குளிரும் அதற்கு அப்புறம்தான். அந்த ஒரு பாய்ச்சல் நடக்காமல் பார்த்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

கழுத்துப்பட்டையில் கயிறு கட்டவே கட்டாதீர்கள். மிரண்டு இழுத்தால் கழுத்து இறுகும், இல்லையென்றால் தலை உருவிக்கொண்டு வரும். நெஞ்சையும் வயிற்றையும் சேர்த்துப் பிடிக்கிற ஹார்னஸ் வேண்டும். அதிலிருந்தும் பூனை கழன்றுவிடும். எப்படி என்று ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது: காதை மடக்கி, உடம்பைத் தரையோடு பதித்து, பின்னாலேயே நகரும், முன்னங்கால்களை நீட்டி முழங்கையை உள்ளே இழுத்த அடுத்த நொடி ஹார்னஸ் மட்டும் உங்கள் கையில் இருக்கும். அதனால் வீட்டுக்குள்ளேயே மாட்டி, நீங்கள் முன்னால் நின்று லேசாக இழுத்துப் பாருங்கள். அங்கே கழன்றால் மலையிலும் கழலும். ஒரு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கினால் போதும்.

டெண்டின் ஜிப்பை நம்பாதீர்கள். பூனை மூக்கை விட்டு நெம்பியே அதைத் திறந்துவிடும். அவனுக்கும் காட்டுக்கும் நடுவே எப்போதும் இரண்டு தடுப்பு இருக்கட்டும். ஜிப்பைத் திறக்கும்போது அவன் கூண்டுக்குள் இருக்க வேண்டும், கார் கதவைத் திறக்கும்போதும் அப்படியே. இரவில் கூண்டிலேயே தூங்கட்டும், அதுவும் உங்கள் பக்கத்தில். வீட்டில் அவன் படுக்கும் பழைய துணியைத் துவைக்காமல் உள்ளே போடுங்கள். தோட்டத்தில் பூட்டுகிற அறை ஒன்று கிடைத்தால் டெண்டைவிட அதுவே நல்லது.

மீறிப் போய்விட்டால்? பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு பத்துப் பேர் ஓடக்கூடாது. வீட்டிலேயே வளர்ந்த பூனை மிரண்டால் தூரம் போகாது. பக்கத்திலேயே ஏதாவது சந்தில் புகுந்து, கூப்பிட்டாலும் சத்தமே போடாமல் கிடக்கும். விறகுக்கட்டின் இடுக்கு, தண்ணீர்த்தொட்டியின் அடி, கல்சுவரின் பொந்து என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பாருங்கள். ஊர் அடங்கிய பிறகு டார்ச்சைக் கண்மட்டத்தில் பிடித்துக்கொண்டு போனால் கண்கள் மின்னும். தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் நல்லதுதான், ஆனால் அதைப் படிக்கும் கருவி மேல்மலைக் கிராமத்தில் யாரிடம் இருக்கும்? உங்கள் செல்பேசி எண் எழுதிய பட்டை, இழுத்தால் தானே விடுபடுகிற வகையில், கழுத்தில் இருக்க வேண்டும்.

ஆண் பூனை என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். புது இடத்தில் பயந்துபோய்த் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு கிடக்கும். ஆண் பூனையின் சிறுநீர்ப்பாதை குறுகலானது, அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. மணல் தட்டில் போய் உட்கார்ந்து முக்கி, ஒன்றும் வராமல் எழுந்தால் பயணத்தை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். வீட்டு மணலையே எடுத்துப்போங்கள், ஈர உணவு கொடுங்கள்.

உண்ணிக்குப் பயந்து நாய்க்குப் போடும் மருந்தை இவனுக்குப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனைக்கு அது விஷம், வலிப்பு வந்து செத்துப்போகும். பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடக் கொல்லும். பூனைக்கென்றே உள்ள உண்ணி மருந்தை மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே போட்டுவிடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் பூனைகளுக்கான மற்ற ஊசிகளும் காலாவதி ஆகாமல் இருக்கட்டும். இது அவனுக்காக மட்டுமில்லை. வீட்டுப் பூனையின் நோய் காட்டுப்பூனைக்கும் தொற்றும். மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத சிறு பறவைகள் தரையை ஒட்டித் திரிகின்றன. கயிறு இல்லாமல் சுப்புவை விடக்கூடாது என்பதற்கு அவையும் ஒரு காரணம். காப்புக்காட்டுக்குள் அவனைத் தூக்கிக்கொண்டு நடக்கப் போகவும் கூடாது.

பழனியிலிருந்து மேலே 60 கிலோமீட்டருக்கு மேல் வளைவுதான். கிளம்புவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

இவ்வளவும் சொன்னாலும், என் மனசுக்கு அவன் வீட்டில் இருப்பதே நல்லது என்றுதான் படுகிறது. அவன் கேட்டு வருகிற பயணம் இல்லை இது. இந்த மாதமே மொட்டை மாடியில் டெண்டைப் போட்டு, ஓர் இரவு அவனோடு தங்கிப் பாருங்கள். மறுநாள் காலை வழக்கம்போலச் சாப்பிட்டு, தட்டில் சிறுநீர் கழித்தால் யோசிக்கலாம். மூலையில் ஒடுங்கிக் கிடந்தால், நம்பிக்கையான பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, தினம் இரண்டு வேளை வந்து பார்க்கச் சொல்லுங்கள். தோட்டக்காரருக்கும் இன்றே போன் போட்டு, அங்கே எத்தனை நாய்கள், இரவில் கட்டுவார்களா என்று கேளுங்கள். அவிழ்த்துவிடுவோம் என்றால் மாடியில் டெண்ட் போட்டுப் பார்க்கவே தேவையில்லை, சுப்புவை விட்டுவிட்டுப் போங்கள்.

அன்புடன்.