தொண்டு நிறுவனத்தின் செயலாளர் பொறுப்புக்கு எந்த முதுகலை?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் குழந்தைகள் உரிமைக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் களப்பணியில் இருக்கிறேன். பி.எஸ்சி. கணிதம் படித்தவள். எங்கள் செயலாளர் இன்னும் மூன்று ஆண்டுகளில் ஓய்வு பெறுகிறார். அந்தப் பொறுப்புக்கு என்னைத் தயாராகச் சொல்கிறார்கள். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிப்பதா, எம்.பி.ஏ. படிப்பதா? வேலையை விடாமல் தொலைநிலைக் கல்வியில் படித்தால் மதிப்பு இருக்குமா?

பதில்: உங்கள் நிலையில் இருப்பவருக்கு எம்.எஸ்.டபிள்யூ.தான் பொருத்தம் என்பது என் கருத்து. எம்.பி.ஏ.வில் உங்களுக்கு வேண்டிய பகுதி வரவு செலவுத் திட்டமும் கணக்கறிவும். அவற்றை இரண்டு ஆண்டுப் பட்டம் இல்லாமலேயே கற்றுக்கொள்ளலாம். சமூகப் பணிப் பட்டம் அப்படியல்ல, சில இடங்களில் சட்டமே அதைக் கேட்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் உறுப்பினராவதற்குக் குழந்தைகளுக்கான பணியில் ஏழு ஆண்டு அனுபவம் மட்டும் போதாது. சமூகப் பணி, சட்டம், சமூகவியல், கல்வி போன்று அதில் குறிப்பிடப்பட்டுள்ள துறைகளில் ஒன்றில் பட்டமும் இருக்க வேண்டும். உங்கள் ஒன்பது ஆண்டு அனுபவம் அங்கே நிற்கும், கணிதப் பட்டம் நிற்காது. (குழந்தைகள் இல்லம் ஒன்றின் நிர்வாகத்தில் இருப்பவர் அக்குழுவில் இடம்பெற முடியாது என்பதும் அதே திருத்தத்தில் உண்டு. உங்கள் நிறுவனம் இல்லம் நடத்துகிறது என்றால் இதையும் மனத்தில் வையுங்கள்.)

சிறப்புப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் எம்.எஸ்.டபிள்யூ.வுக்குள்ளேயே மனிதவள மேலாண்மை என்ற பிரிவு உண்டு. மேலாண்மை என்ற சொல்லைப் பார்த்து, தலைமைப் பொறுப்புக்கு இதுவே வழி என்று எண்ணிச் சேர்ந்துவிடுகிறார்கள். அப்பிரிவு பெரும்பாலும் தொழிற்சாலை வேலைக்கானது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தால் நல அலுவலர் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்ததையொட்டி வளர்ந்த மரபு அது. உங்களுக்கு உரியது சமுதாய மேம்பாடு, அல்லது குடும்பம் மற்றும் குழந்தைகள் நலம். மனநலத் துறை ஈர்த்தால் அந்தப் பாதை நீளமானது: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உளநலச் சமூகப் பணியாளர் என்பவருக்கு எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில்.லையும் கேட்கிறது.

தொலைநிலைக் கல்வி பற்றி: பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்.டபிள்யூ. பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆனால் அங்கீகாரம் பாடத்துக்குப் பாடம், கல்வியாண்டுக்குக் கல்வியாண்டு வழங்கப்படுவதால், பணம் கட்டும் முன் நீங்கள் சேரும் ஆண்டுக்கான பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று மானியக் குழுவின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். சேர்க்கை மையத்தில் இருப்பவரின் வாய்மொழியை நம்ப வேண்டாம்.

மதிப்பைவிட எனக்குப் பெரிதாகப் படுவது களப்பணிப் பயிற்சி. நேரடி வகுப்பில் வாரத்துக்கு இரண்டு நாள் களம், ஒவ்வொரு வாரமும் எழுதித் தரும் அறிக்கை, அதை வரிவரியாகப் படித்துவிட்டு ஆசிரியர் தனியே அமர்ந்து பேசும் ஐ.சி. எனப்படும் தனிநபர் கலந்துரையாடல், இறுதியில் ஏறத்தாழ ஒரு மாதம் ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து பயிற்சி பெறும் பிளாக் பிளேஸ்மென்ட் என்று ஓர் ஒழுங்கு உண்டு. 'குழந்தையின் தாய் ஒத்துழைக்கவில்லை' என்று நீங்கள் எழுதியிருந்தால், அவர் என்ன சொன்னார், எங்கே உட்கார்ந்து பேசினீர்கள், அருகில் யார் இருந்தார்கள் என்று ஆசிரியர் கேட்பார். நாளை உங்கள் களப்பணியாளர்களின் அறிக்கைகளை நீங்கள் அப்படித்தான் படிக்க வேண்டியிருக்கும். மேற்பார்வையிடப்பட்டுப் பழகாதவருக்கு மேற்பார்வையிட வருவது கடினம். தொலைநிலையிலும் களப்பணி கட்டாயம்தான். ஆனால் அதைத் தம் நிறுவனத்திலேயே, தம் அன்றாட வேலையையே கணக்குக் காட்டி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. நீங்கள் வேறொரு நிறுவனத்தில் செய்யுங்கள். முதியோருடனோ மாற்றுத்திறனாளிகளுடனோ இயங்கும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

ஊதியமில்லா விடுப்பு கிடைத்து, வீட்டிலும் இடம் கொடுத்தால் நேரடிப் படிப்பே மேல். புதுவைப் பல்கலைக்கழகம் உங்களுக்கு அருகில் இருக்கிறது. 1952இல் தொடங்கிய சென்னை சமூகப் பணிக் கல்லூரி, திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரி, காந்திகிராமப் பல்கலைக்கழகம் ஆகியவையும் உண்டு. மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகமும் பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும் உயர்ந்த இடங்களே. ஆயினும் மூன்று ஆண்டில் விழுப்புரத்திலேயே பொறுப்பேற்க இருப்பவர் அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது ஐயத்துக்குரியது.

எம்.எஸ்.டபிள்யூ. போதுமான அளவுக்குக் கற்றுத்தராத பகுதி பணம். செயலாளரின் தூக்கத்தைக் கெடுப்பதும் அதுதான். வெளிநாட்டு நிதி பெறும் நிறுவனம் நிர்வாகச் செலவுக்கு அந்நிதியில் 50 விழுக்காடு வரை பயன்படுத்தலாம் என்றிருந்ததை, வெளிநாட்டு நிதியை ஒழுங்குபடுத்தும் சட்டத்தில் (எஃப்.சி.ஆர்.ஏ.) செய்யப்பட்ட 2020ஆம் ஆண்டுத் திருத்தம் 20 விழுக்காடாகக் குறைத்தது. ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வந்தால் 8 லட்சத்துக்குள் அலுவலக வாடகை, மின்கட்டணம், கணக்குச் செலவு, நிர்வாகத்தில் இருப்போர் ஊதியம் அனைத்தும் அடங்க வேண்டும். இன்று திட்டச் செலவில் எழுதப்படும் உங்கள் ஊதியம், நீங்கள் நிர்வாகப் பொறுப்புக்கு மாறியதும் அந்த 8 லட்சத்துக்குள் வந்துவிடக்கூடும். இந்த நிதியைப் பிற நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளிப்பதற்கும் அதே திருத்தம் தடை விதித்தது. பெருநிறுவனங்களின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதியை நாடினால் அதற்குத் தனிப் பதிவும், வேறு வகை அறிக்கைகளும் உண்டு.

எனவே படிப்பில் சேரும் நாளுக்காகக் காத்திராமல், உங்கள் செயலாளரிடம் சொல்லிக் கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை அறிக்கைகளையும், வெளிநாட்டு நிதி பெறுகிறீர்கள் என்றால் டிசம்பர் 31க்குள் தாக்கல் செய்யும் எஃப்.சி.-4 ஆண்டறிக்கையையும் வாங்கி, கணக்காளருடன் அமர்ந்து தலைப்பு தலைப்பாகப் படியுங்கள். அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் முதல் வரைவை நீங்களே எழுதித் தருவதாகவும் கேளுங்கள். கணிதம் படித்தவர் என்பதால் இதில் உங்களுக்குத் தயக்கம் இருக்காது.