கட்டு தவறாமல் மாற்றியும் கால் புண் ஆறாதது ஏன்?

என் அப்பாவுக்கு 62 வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. வலது கால் பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் ஒரு ரூபாய் அளவுக்குப் புண். இரண்டு மாதமாகத் தினமும் பெட்டடைன் வைத்துக் கட்டுகிறோம். வலியே இல்லை என்கிறார், கடைக்கும் போய்வருகிறார். ஏன் ஆறவில்லை?
– வாசகி, தேனி

ஏன் என்பதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: கடைக்குப் போய்வருகிறார். உள்ளங்காலில் பெருவிரல் பாதத்தோடு சேரும் இடம், நடக்கும்போது உடல் எடை அழுந்துகிற இடம். நரம்பு மரத்துப்போனதால் அவருக்கு வலி தெரிவதில்லை. வலி இருந்தால் நொண்டியாவது நடந்திருப்பார். இப்போது ஒவ்வோர் அடியிலும் புதிதாக வளர்ந்த சதை நசுங்குகிறது. கட்டு என்பது புண்ணைச் சுத்தமாகவும் ஈரப்பதத்தோடும் வைத்திருக்கத்தான். ஆறவேண்டுமானால் அந்த இடத்தில் பாரம் விழக்கூடாது.

புண்ணைச் சுற்றிக் கெட்டியாக, மஞ்சளாகக் காய்ப்பு இருக்கிறதா பாருங்கள். அதுவே செருப்புக்குள் கிடக்கும் கல்லைப் போல அழுத்தும். மருத்துவர் அதைச் செதுக்கி எடுக்க வேண்டும். வீட்டில் பிளேடு வேண்டாம், கடையில் விற்கும் கால் ஆணிப் பிளாஸ்திரியும் வேண்டாம். அதில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.

பாரத்தை எடுக்க இருக்கும் வழிகளில் சிறந்தது, பாதத்தோடு முழுக்கப் படிந்து முழங்காலுக்குக் கீழ்வரை வரும் மாவுக்கட்டு. தொழுநோயால் மரத்துப்போன பாதங்களின் புண்களை வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் இந்த முறையில் ஆறவைத்தார், பிறகு அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார். ஆனால் ரத்த ஓட்டம் மிகக் குறைவாக இருந்தாலோ, சீழ் ஆழமாக இருந்தாலோ இது போடக்கூடாது. அதனால் முதலில் காலின் ரத்த ஓட்டத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனியில் சுண்ணாம்பு படிந்திருந்தால் கணுக்கால் ரத்த அழுத்த அளவு சரியாக இருப்பதுபோலப் பொய்யாகக் காட்டும்; கால்விரல் அழுத்தத்தையும் பார்ப்பது நல்லது.

கட்டு மாற்றும் முறையைச் சொல்லுங்கள். பிரிக்கும்போது ஒட்டிக்கொண்டு ரத்தம் வருகிறது. புண்ணின் ஓரம் வெள்ளையாக ஊறிப்போய் இருக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

இரண்டும் வேறு வேறு கோளாறு. ஒட்டிக்கொள்வது, காய்ந்த காஸ் துணியை நேரடியாகப் புண்மேல் வைப்பதால். அப்படியே பிய்த்தால் நேற்று வளர்ந்த மெல்லிய தோலும் கூடவே வந்துவிடும். சலைன் (உப்புநீர்) ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி எடுங்கள். அடுத்த முறை புண்மேல் நேராக, ஒட்டிக்கொள்ளாத பாரபின் வலைத்துணி வைத்து, அதன்மேல் காஸ் வையுங்கள். ஓரம் வெளுத்துச் சுருங்குவது, கசிவு அதிகமாகி நல்ல தோலிலும் ஈரம் நிற்பதால். தண்ணீரில் வெகுநேரம் கிடந்த விரல் நுனி போலத்தான். கட்டை இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும், அல்லது கசிவை உறிஞ்சும் ஃபோம், ஆல்ஜினேட் வகைக்கு மாற வேண்டும். ஓரத் தோலில் மட்டும் மெல்லியதாக வாஸலின் தடவலாம்.

கைகளைச் சோப்பால் கழுவி, புதுக் கையுறை போட்டு, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 0.9 சதவிகித சலைனால் புண்ணைக் கழுவுங்கள். திறந்த பாட்டிலை மறுநாளுக்கு வைக்க வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்ஸைடு, ஸ்பிரிட் இரண்டும் கிருமியோடு வளரும் சதையையும் கொல்லும். பெட்டடைனை டாக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டும். மஞ்சள், காபித்தூள் போன்றவை குழிக்குள் அடைந்து, உள்ளே சீழ் கட்டுவதைப் பார்க்கவிடாமல் மறைக்கும். விரலிடுக்கை ஒற்றி உலர்த்துங்கள். குழி இருந்தால் லேசாக நிரப்புங்கள், இறுக்கி அடைக்காதீர்கள். உள்ளங்காலில் தடிமனாகக் காஸ் அடுக்கினால் அதுவே அழுத்தம் தரும். பிளாஸ்திரியை விரலைச் சுற்றி முழு வளையமாக ஒட்டவே கூடாது. வீக்கம் வந்தால் அது கயிறாக இறுகிவிடும்.

வாரம் ஒருமுறை நீள அகலம் அளந்து, அளவுகோலை வைத்து ஃபோட்டோ எடுங்கள். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால் கட்டும் மருந்தும் மட்டுமல்ல, ரத்த ஓட்டம், எலும்பு, பாரம் எல்லாமே மறுபடி பார்க்கப்பட வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் மாத்திரை எடுத்துக்கொண்டால் சீக்கிரம் ஆறுமா?
– வாசகி, மதுரை

தொற்று இல்லாத புண்ணுக்கு அதனால் பலன் இல்லை. புண்ணைச் சுற்றி 2 சென்டிமீட்டருக்கு மேல் சிவப்பு பரவினாலோ, நாற்றம், கறுப்பு நிறம், காய்ச்சல், காரணமில்லாமல் சர்க்கரை ஏறுவது, அழுத்தினால் நறநறப்பு இருந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல் வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள், பலருக்கு வருவதே இல்லை. புண்ணே இல்லாமல் பாதம் சிவந்து வீங்கிச் சூடாக இருந்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள். அது எலும்பு நொறுங்கும் நிலையாக இருக்கலாம்.

புண் ஆறிவிட்டது. பழைய செருப்பைப் போடலாமா?
– வாசகர், சேலம்

வேண்டாம். ஆறியவர்களில் பத்தில் நான்கு பேருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகிறது. பின்வார் வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பை அளவெடுத்து வாங்குங்கள், வீட்டுக்குள்ளும் போடுங்கள். போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள், ஆணி, கல் இருந்தால் கால் சொல்லாது. கோயிலில் செருப்பு கழற்றுகிற இடத்தில், பகல் வெயிலில் கருங்கல் பிராகாரத்தைச் சுற்றுவதைத் தவிர்த்து, காலையில் முதல் பூஜைக்குப் போங்கள், பருத்திச் சாக்ஸ் போட்டு.