ஒரு பெட்டிக்கு எத்தனை மணித்தியாலம்?

மட்டக்களப்பு வாகரையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கிழக்குக் கரையில் வாழும் பழங்குடியினரான கரையோர வேடர் குடும்பம். அவரும் அக்காவும் மச்சாளும் பனங்குருத்தில் மூடிப்பெட்டி இழைக்கிறார்கள். ஊருக்கு வரும் வியாபாரி பெட்டிக்கு 500 ரூபாய் தருகிறார். இப்போது கொழும்புக் கடையொன்று ஒரு மாதத்தில் 100 பெட்டி கேட்கிறதாம். என்ன விலை சொல்வது, ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

விலை சொல்ல அவசரப்பட வேண்டாம். முதலில் ஒரு பெட்டியை இழைத்து, மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தை எழுதுங்கள். ஓலை வார்வது, சாயம் அவிப்பது, மூடி பொருத்துவது எல்லாம் அதில் சேர வேண்டும். நம் பெண்கள் இந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் இது.

உதாரணத்துக்கு 4 மணித்தியாலம் என்று வைப்போம். உங்கள் ஊரில் 8 மணித்தியால நாட்கூலி 2,000 ரூபாய் என்றால், ஒரு பெட்டிக்கு உழைப்பு மட்டும் 1,000. ஓலைக்கும் சாயத்துக்கும் 150, பழுதாகும் ஓலைக்கும் அனுப்பும் செலவுக்கும் 100, அடுத்த வேலைக்கான முதலீடாக 150. ஆக 1,400 ரூபாய். வியாபாரி தரும் 500இல் ஓலைக்கும் சாயத்துக்கும் போன பிறகு மணித்தியாலத்துக்கு 90 ரூபாய்கூட உங்கள் கையில் நிற்பதில்லை.

சரி, ஒரு மாதத்தில் முடியுமா? 100 பெட்டிக்கு 400 மணித்தியாலம். சமையலும் பிள்ளைகளும் போக மூவரும் தினம் 4 மணித்தியாலம் இருந்தாலும் 34 நாள் ஆகும். 45 நாள் கேளுங்கள். மாரியில் என்றால் இன்னும் கூடக் கேளுங்கள், ஈர ஓலை பூஞ்சணம் பிடிக்கும். கச்சான் காற்று வீசும் வெயில் மாதங்களிலேயே குருத்தைக் காயவைத்துக் கட்டி வைப்பது நல்லது.

மாதிரிப் பெட்டி ஒன்றைக் கடைக்கு அனுப்பி, அதே அளவுக்கு ஒரு குச்சி வெட்டி மூவரும் வைத்துக்கொள்ளுங்கள். மூடி பொருந்தாத பெட்டிதான் திரும்பி வரும். பாதிப் பணம் முற்பணமாக, எழுத்தில். அரசின் தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞராகப் பதிவதற்கு வாகரை பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

அப்புறம், பெட்டியில் ‘வேடர் கைவேலை’ என்று கடை போட விரும்பலாம். போடுவதா என்பதை நீங்கள் மூவரும் பேசி முடிவெடுங்கள். சம்மதமென்றால், இழைத்தவரின் பெயரையும் ஊரையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள்.