கார் ஆலைக்குப் பக்கத்தில் என்ன வரப்போகிறது?

கேள்வி: சில்லாநத்தத்தில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்தாகிவிட்டது. இனி தூத்துக்குடியும் ஸ்ரீபெரும்புதூர் மாதிரி ஆகிவிடும்தானே?
- வாசகர் ஒருவர், தூத்துக்குடி

பதில்: தானாக ஆகாது. 2025 ஆகஸ்ட் 4 அன்று திறந்த ஆலை அது. 400 ஏக்கர், தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார். நல்ல தொடக்கம்தான், மகிழ்ச்சிதான். ஆனால் இப்போது அங்கே நடப்பது பெரும்பாலும் கப்பலில் வரும் பாகங்களைப் பூட்டுகிற வேலை. வ.உ.சி. துறைமுகம் பக்கத்தில் இருப்பது ஆலைக்கு வசதி. பாகங்கள் காலமெல்லாம் வெளியிலிருந்தே வந்துகொண்டிருக்கவும் அதே வசதி போதும்.

ஸ்ரீபெரும்புதூர் வளர்ந்தது ஹூண்டாய் ஒன்றால் மட்டுமல்ல. அதன் கூடவே வந்து இறங்கிய உதிரிபாக ஆலைகளாலும்தான். அதே வட்டாரத்தில் 2006-ல் திறந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு மறுநாள் வேலை இல்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பி யாரும் இயந்திரம் வாங்கிவிடாதீர்கள்.

உள்ளூர்ப் பட்டறைகள் எதில் நுழையலாம்? சீட், பம்பர், உள்பக்க பிளாஸ்டிக் போன்ற, இடத்தை அடைக்கும் பாகங்களில். கன்டெய்னரில் பாதி காற்றாக வருவதால் இவற்றுக்குத்தான் பக்கத்தில் ஆள் தேடுவார்கள். ஆனால் ஒரு மாதிரியை அழகாகச் செய்து காட்டினால் ஆர்டர் கிடைக்காது. உண்மையான டை (பாகத்துக்கு வடிவம் கொடுக்கும் அச்சு), உண்மையான மெஷின், வழக்கமான ஆட்கள். இவற்றை வைத்துத் தொடர்ச்சியாக 300 பாகமாவது ஓட்டி, அளவெடுத்துக் கொடுக்க வேண்டும். முக்கிய அளவுகளில் சிபிகே, அதாவது பாகத்துக்குப் பாகம் அளவு எவ்வளவு மாறாமல் வருகிறது என்று காட்டும் எண், 1.67-க்கு மேல் நிற்க வேண்டும். பெரும்பாலும் ஐஏடிஎஃப் 16949 என்ற வாகனத் துறைத் தரச் சான்றிதழும் கேட்பார்கள். அதற்கு 12 மாதத் தர ஆவணங்கள் வேண்டும் என்பதால், ஆர்டர் வந்த பிறகு ஆரம்பித்தால் காலம் கடந்துவிடும்.

தூத்துக்குடிக்கென்றே ஒரு தொல்லை உண்டு: உப்புக்காற்று. பிரஸ்ஸில் அடித்த தகட்டை எண்ணெய் தடவாமல் ஒரு ராத்திரி திறந்து வைத்தால், வெட்டிய விளிம்பில் காலையில் செந்துரு பூத்திருக்கும். அந்த லோடு அப்படியே திரும்பி வரும். துருத்தடுப்பு எண்ணெய், விசிஐ பாலித்தீன் உறை (துருவைத் தடுக்கும் மருந்து சேர்த்த உறை), மூடிய கிடங்கு ஆகியவற்றின் செலவை விலைப்புள்ளியிலேயே சேர்த்துவிடுங்கள். மின்சாரமும் அப்படித்தான். மின்னழுத்தம் ஒரு நொடி சரிந்தாலே மோல்டிங் மெஷின் நின்றுவிடும். பிளாஸ்டிக்கை உருக்கும் குழாயான பேரலில் தேங்கிய பிளாஸ்டிக்கைக் கழித்துக் கொட்டிவிட்டுத்தான் மறுபடி ஓட்ட முடியும்.

பணம் வர ஒன்றரை மாதமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். முதல் ஆர்டருக்கு முன்பே உத்யம் பதிவை, அதாவது குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்யும் பதிவை, முடித்து வையுங்கள்.

மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுப்பதாக இருந்தால், ஆலையை ஒட்டி அரை ஏக்கர், கால் ஏக்கர் மனைகள், தனி மின்பாதை, டை செய்யவும் பழுது பார்க்கவும் ஒரு பொது டூல் ரூம், பாகத்தின் அளவுகளைத் துல்லியமாகப் பார்க்கும் சிஎம்எம் மெஷின் ஒன்று ஆகியவற்றைக் கேளுங்கள். டை பழுதானால் இன்று கோவைக்கோ சென்னைக்கோ லாரி ஏற்ற வேண்டியிருக்கும். அது திரும்பி வரும்வரை பிரஸ் சும்மா நிற்கும்.