கலவை இல்லாமல் முகட்டு ஓடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அம்பாசமுத்திரத்திலிருந்து: மங்களூர் ஓட்டுக் கூரை. முகட்டில் பூசிய கலவை அடிக்கடி வெடிக்கிறது. இந்த முறை சிமெண்டைக் கூட்டிப் போடலாம் என்கிறார் கொத்தனார்.

கூட்டினால் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். சிமெண்டு மிகுந்த கலவை காயும்போது அதிகம் சுருங்கும், விறைப்பும் அதிகம். அடியில் இருக்கும் மரமோ மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். இரண்டுக்கும் ஒத்துப்போகாது. கலவைக்கும் ஓட்டுக்கும் நடுவே மயிரிழை விலகல் போதும், தண்ணீர் உறிஞ்சப்பட்டு உள்ளே வந்துவிடும். பிடிப்பு விட்ட பிறகு ஓடு தன் எடையில்தான் உட்கார்ந்திருக்கிறது. பெருங்காற்று கூரையைத் தாண்டும்போது ஓட்டை மேலே இழுக்கும் விசை முகட்டை ஒட்டியும் அதிகம்.

கலவையிடம் நாம் இரண்டு வேலை கேட்கிறோம்: பிடிக்கவும் வேண்டும், அடைக்கவும் வேண்டும். கலவை இல்லாத முறையில் இவை பிரிந்துவிடுகின்றன. முகட்டின் நெடுக ஒரு ரீப்பர், அதாவது மெல்லிய சட்டம். அதன்மேல், இரு ஓரமும் பியூட்டைல் என்ற ரப்பர் பசை கொண்ட முகட்டு ரோல், அதாவது சுருளாக வரும் மழைத்தடுப்புப் பட்டை. அதன்மேல் முகட்டு ஓடு. ஓட்டை ரீப்பரோடு திருகாணி பிடிக்கும், மழையை ரோல் தடுக்கும். ரோலை மட்டும் ஒட்டி மேலே ஓட்டை அடுக்கி வைத்துவிட்டு ‘டிரை ரிட்ஜ்’ (கலவையில்லா முகடு) என்று பில் போடுபவர்களும் உண்டு. அதில் ஓட்டைப் பிடிக்க ஒன்றுமே இல்லை.

பழைய கலவையைப் பக்கவாட்டிலிருந்து சிற்றுளியால் எடுக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புக் கலவை எளிதில் உதிரும். சிமெண்டு ஒட்டிய ஓடுகள் சில உடையும். அதே அச்சு ஓடு கிடைக்குமா என்று பார்த்துவிட்டுக் கூரையில் கை வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: முகட்டு ரீப்பரை என்ன உயரத்தில் வைப்பது? எங்கள் கூரை பனஞ்சிலாகையில் (பனைமரச் சட்டத்தில்).

இந்த வேலையில் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். அளவை டேப்பில் தேடாதீர்கள், ஓட்டிடம் கேளுங்கள். இரு பக்கமும் முகட்டை ஒட்டிய கடைசி வரிசை ஓட்டைப் போட்டு, மேலே ஒரு முகட்டு ஓட்டைக் கவிழ்த்து வையுங்கள். அது இரண்டு பக்கமும் கடைசி வரிசையைக் குறைந்தது 75 மி.மீ. மூட வேண்டும். முகட்டு ஓட்டின் உச்சிக்கு அடியிலிருந்து மோட்டு வளை (முகட்டின் நெடுக ஓடும் உத்தரம்) வரை அளந்து, அதில் 5 மி.மீ. கழியுங்கள். மோட்டு வளையிலிருந்து அந்த உயரத்தில் ரீப்பரின் மேல்மட்டம் வர வேண்டும். முகட்டின் இரு முனையிலும் நடுவிலும் அளந்து, நூல் பிடித்து மட்டம் பாருங்கள்.

ரீப்பர் உயர்ந்துவிட்டால் ஓடு அதன்மேல் ஏறி ஆடும், பக்கங்கள் ரோலை அழுத்தாது. தாழ்ந்துவிட்டால் திருகாணியை முறுக்கும்போது உச்சி அந்தரத்தில் வளைந்து, ‘டக்’கென்று நெடுக வெடிக்கும்.

பனையில் வெளிக்கறுப்புப் பகுதி இரும்பு போல. துளை போடாமல் திருகாணி இறக்கினால் தலை முறியும். உள்சோற்றிலோ பிடிப்பே இருக்காது. முகட்டு ரீப்பருக்கு மட்டுமாவது 50 × 40 மி.மீ. நல்ல மரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் செய்த கூரைச்சட்டம். கடற்கரையிலிருந்து அரை மைல்கூட இல்லை. எந்தத் திருகாணி?

துத்தநாகம் பூசியவை உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316 வாங்குங்கள். கடைக்காரர் தானே துளைக்கும் எஸ்எஸ் 410 திருகாணியைக் காட்டுவார். பைப்பை அழகாகத் துளைக்கும், கடலோரத்தில் அதுவும் துருப்பிடிக்கும். 316 மென்மையானது, இரும்பைத் தானாகத் துளைக்காது. பைப்பில் முதலில் சிறு துளை போட்டுக்கொள்ள வேண்டும். துளையிட்ட இடத்தில் ஜிங்க் பெயிண்ட் தடவ மறக்காதீர்கள்.

மர ரீப்பர் என்றால் நீளக் கணக்கு: ஓட்டின் கனம் 15, இடைவெளி 5, மரத்துக்குள் 35, ஆக 55 மி.மீ., வாஷரையும் சேர்த்து 60. வாஷர் ஈபிடிஎம் ரப்பர் வைத்ததாக இருக்கட்டும். ரப்பர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள்.

முகட்டு ஓட்டில் துளையே இல்லை. டிரில் போட்டால் உடைகிறதே?

சுத்தியல் அடியை அணைத்துவிட்டு, ஓட்டு பிட் போட்டு, குறைந்த வேகத்தில் துளையிடுங்கள். ஓட்டுக்கு அடியில் ஈரமணல் மூட்டை. ஓரத்திலிருந்து 35 மி.மீ.யாவது தள்ளியிருக்க வேண்டும். 5.5 மி.மீ. திருகாணிக்கு 7 மி.மீ. துளை, ஓடு சற்று அசைய இடம் வேண்டும்.

ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓடுகளில், அடுத்த ஓடு மூடும் முனையில் துளை போட்டால் திருகாணித் தலை மழையில் நனையாது. மறுமுனை தூக்காமலிருக்க, 20 மி.மீ. அகல எஸ்எஸ் பட்டையை அதே திருகாணியில் மாட்டி, நுனியைக் கொக்கியாக மடியுங்கள். அடுத்த ஓட்டின் விளிம்பை அந்தக் கொக்கிக்குள் தள்ளிப் பொருத்த வேண்டும். மழைக்காற்று எந்தப் பக்கமிருந்து வருமோ, அதற்கு எதிர்முனையில் தொடங்குங்கள். அப்போதுதான் மேலேறும் விளிம்புகளின் வாய் காற்றுக்கு முதுகு காட்டும்.

30 அடி முகட்டுக்கு என்னென்ன வேண்டும்?

30 அடி என்பது 9.14 மீட்டர். ஓடு 40 செ.மீ., மேலேற்றம் 6 செ.மீ. என்றால் ஒன்று 34 செ.மீ. மூடும்: 27 ஓடு, உடைசலுக்கு 3. திருகாணியும் பட்டையும் முப்பது முப்பது. ரீப்பரைத் தாங்கும் இரும்புப் பிடி 60 செ.மீ.க்கு மிகாமல் ஒன்று, ஆக 17. ரீப்பர் இணைப்பு பிடியின் மேல்தான் வர வேண்டும். ரோல் 10 மீட்டர் ஒரே துண்டாக வாங்குங்கள். ஒட்டுப்போட நேர்ந்தால் 10 செ.மீ. மேலேற்றம்.

குரங்குத் தொல்லைக்கு இது தாங்குமா?

முகட்டு ஓட்டைத் தூக்க முடியாது. ஆனால் அடுத்த வரிசையைத் தூக்கும். மங்களூர் ஓட்டின் அடியில் துளையுள்ள ஒரு காது இருக்கும். மேல் இரண்டு வரிசையையாவது அதில் செம்புக்கம்பி கோத்து ரீப்பரோடு கட்டிவிடுங்கள்.

ரோலுக்குப் பதில், பீய்ச்சினால் நுரைத்து இறுகும் ஃபோம் அடிக்கலாமா?

வேண்டாம். வெயில் பட்டால் மஞ்சளாகிப் பொடிந்துவிடும். எறும்பு குடியேறும்.

லண்டனிலிருந்து: முகட்டைக் கலவையில் பதிக்கவே கூடாது என்கிறார் கூரைக்காரர். உண்மையா?

பாதி உண்மை. அங்குள்ள பிஎஸ் (பிரிட்டிஷ் தரநிலை) 5534 விதிமுறையின் 2014 பதிப்பு, முகட்டு ஓடுகள் கலவையை மட்டும் நம்பி நிற்கக்கூடாது, திருகாணி போன்ற பிடிப்பும் வேண்டும் என்கிறது. கலவையைத் தடை செய்யவில்லை. கலவை இல்லாத முறைக்கான பொருட்களுக்கென 2018இல் பிஎஸ் 8612 வந்தது. வாங்கும் பெட்டியில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். ரோல் வழியாகக் காற்றுப் போகும் பரப்பு மீட்டருக்கு 5,000 சதுர மி.மீ. என்று எழுதியிருந்தால் நல்லது. குளிர்நாட்டில் பரணுக்குள் வியர்த்துச் சொட்டுவதை அது குறைக்கும்.

ரோல் போட்டும் தூவானத்தில் ஒழுகுகிறது. ஏன்?

பசை பிடிக்கவில்லை. பாசியும் தூசியும் இருந்தால் பியூட்டைல் ஓட்டில் ஒட்டாது, பாசியில்தான் ஒட்டும். கம்பித் தூரிகையால் தேய்த்து, ஈரம் முற்றிலும் காய்ந்த பிறகு, வெயில் நேரத்தில் ஒட்டுங்கள். ரோலின் ஓரச் சுருக்கங்களை இழுத்து நேராக்காமல், ஓட்டின் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் விரலால் அழுத்தி இறக்க வேண்டும். பள்ளத்தின் மேல் பாலம்போல் நின்றால், காற்று மழையை அந்தப் பொந்து வழியே உள்ளே தள்ளும். அதுவும் சரியாக இருந்தால் கடைசி வரிசை முகட்டுக்கு எட்டாமல் நிற்கிறதா பாருங்கள். அப்படியானால் ரோலைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வரிசையைத் தாங்கும் ரீப்பரைக் கழற்றி மேலேற்றித்தான் அடிக்க வேண்டும்.