லைக்கன்களில் பூஞ்சையும் பாசியும் இணைந்தது ஒரே ஒரு தடவைதானா? இதை எப்படி ஆராய்கிறார்கள்?

ஒரு தடவை மட்டும் அல்ல. 1995இல் ஆண்ட்ரியா கார்கஸ் குழுவினர் ரைபோசோம் (செல்லில் புரதம் உருவாக்கும் அமைப்பு) மரபணு வரிசைகளை ஒப்பிட்டு, பூஞ்சைகளில் பாசியோடு சேர்ந்து வாழும் இந்த வாழ்க்கைமுறை குறைந்தது ஐந்து முறை தனித்தனியே தோன்றியிருக்க வேண்டும் என்று கணித்தனர். 2001இல் பிரான்சுவா லுட்சோனியும் அவருடன் பணியாற்றியவர்களும், பாசியோடு வாழ்ந்த பூஞ்சைகள் சில பின்னர் அவ்வாழ்வைக் கைவிட்டதாகவும், இன்று பாசியின்றி வாழும் பெனிசிலியம், ஆஸ்பர்ஜில்லஸ் ஆகிய பூஞ்சைகள் அத்தகைய மூதாதையரின் வழிவந்தவை எனவும் வாதிட்டனர். இவ்வாழ்வைப் பெறுதலுக்கும் இழத்தலுக்கும் எவ்வளவு எடை கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறுவதால், ‘ஐந்து’ என்பதை முடிந்த முடிவாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

காலத்தைப் பற்றியும் பழைய நம்பிக்கை ஒன்று ஆட்டம் கண்டிருக்கிறது. பாறையைப் பொடித்துத் தாவரங்களுக்கு நிலத்தைத் தயார்செய்தவை லைக்கன்களே என்று பலரும் கருதிவந்தனர். ஆனால் இன்றைய லைக்கன்களின் பெரும் குலங்கள் வாஸ்குலார் தாவரங்களுக்கு (நீரையும் உணவையும் கடத்தும் குழாய்த் திசு உள்ளவை) பின்னரே தோன்றின என்று மேத்யூ நெல்சன் குழு 2019இல் காட்டியது. (வெறும் பாறையில் லைக்கன் முன்னோடி உயிரியாகக் குடியேறுவதாக நம் பள்ளிப் பாடநூல்கள் சொல்வது இதனால் பொய்யாகிவிடாது, அது வேறு கேள்வி.)

வளர்ச்சியை ஆராய்வது இன்னும் கடினம். பிரித்தெடுத்த பூஞ்சை தனியே வளர்த்தால் உருவமற்ற திரளாகவே நிற்கும்; பொருத்தமான பாசி கிடைத்தால்தான் லைக்கனின் உடலம் உருவாகத் தொடங்கும். கிளடோனியா கிறிஸ்டடெல்லா என்ற லைக்கனின் பூஞ்சையையும் பாசியையும் ஆய்வகத்தில் மீண்டும் இணைத்த வெர்னான் அமாஜியன், சத்து குறைந்த, மெல்ல உலரும் சூழலில்தான் இரண்டும் இணைகின்றன என்று கண்டார். ஊட்டம் தாராளமாக இருந்தால் அவை தத்தம் வழியில் வளர்ந்துவிடுகின்றன. கூட்டுவாழ்வை நட்பாக மட்டும் விளக்கும் கட்டுரைகளைப் படிக்கையில் இந்தச் சோதனையை மறக்கக் கூடாது.

கூட்டாளிகள் இருவர்தானா என்பதிலும் இப்போது விவாதம் உண்டு. வட அமெரிக்காவின் மேற்கே வளரும் பிரையோரியா பிரீமாண்டி என்ற லைக்கனை மக்கள் உணவாகவே உண்டிருக்கிறார்கள். மஞ்சள் நிற பிரையோரியா டார்ட்டுவோசாவிலோ நச்சான வல்பினிக் அமிலம் மிகுதி. இரண்டிலும் ஒரே பூஞ்சை, ஒரே பாசி. 2016இல் டோபி ஸ்ப்ரிபில் குழு, மேற்புறணியில் (உடலத்தின் வெளி அடுக்கில்) ஒரு பெசிடியோமைசீட் ஈஸ்ட் (காளான்கள் அடங்கிய பூஞ்சைப் பிரிவைச் சேர்ந்த ஒற்றைச் செல் பூஞ்சை) இருப்பதையும், நச்சு லைக்கனில் அது மிகுந்திருப்பதையும் கண்டது. உடனே எல்லா லைக்கன்களுக்கும் மூன்றாவது கூட்டாளி உண்டு என்ற பேச்சு பரவியது. ஆனால் 2019இல் 339 இனங்களின் மரபுத்தரவுகளை அலசிய ஜேம்ஸ் லெண்டமர் குழு, அந்த வகை ஈஸ்ட்டை மிகச் சில இனங்களில்தான் கண்டது.